கூடு விட்டுக் கூடு பாய்தல்: சாத்தனூர் முதல் ரோபோ வரை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகிற வழியில் ஆடுதுறையைத் தாண்டினால் திருவாவடுதுறை வரும். அதற்குப் பக்கத்தில்தான் சாத்தனூர். சுற்றிலும் வயல், வாய்க்கால், மேய்கிற மாடுகள். அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை தமிழர்கள் எல்லோருக்கும் அரைகுறையாகவாவது தெரியும். திருமூலர் கதை!

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணம் அந்தக் கதையை இப்படிச் சொல்கிறது. வடக்கே கயிலையிலிருந்து ஒரு சிவயோகி தென்னாட்டுக்கு வருகிறார். காவிரிக் கரையில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. யோகிக்கு மனசு தாங்கவில்லை. தன் உடலை ஓர் இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து எழுந்து நிற்கிறார். பசுக்களுக்கு ஒரே சந்தோஷம். அவை வழக்கம்போல் மேய்ந்து, தண்ணீர் குடித்து, சாயங்காலம் வீடு திரும்புகின்றன.

பசுக்களைப் பொறுத்தவரை பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. அடுத்து மூலனின் மனைவி வருகிறாள். கணவனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். "உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை" என்கிற மாதிரி அவர் விலகிப் போய் ஒரு மடத்தில் உட்கார்ந்து விடுகிறார். முகம் அதே முகம், உடம்பும் அதே உடம்பு. ஆனால் ஆள் வேறு. அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் இனி உன் கணவர் ஆகமாட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். யோகி தன் பழைய உடலைத் தேடிப் போகிறார். அது வைத்த இடத்தில் இல்லை! வேறு வழியில்லாமல் மூலனின் உடலிலேயே தங்கி, திருமந்திரம் பாடினார் என்று முடிகிறது கதை.

இதற்குத் தமிழில் ஒரு பெயரே இருக்கிறது: கூடு விட்டுக் கூடு பாய்தல்.

இது நம்பிக்கை சார்ந்த கதை. நடந்ததா இல்லையா என்ற விவாதம் இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. கடந்த 25 ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் இதே காரியத்தை ஒரு தொழில்நுட்பமாகச் செய்து பார்த்து வருகிறார்கள். அவர்கள் போய் மாட்டிக்கொண்ட கேள்விகளும் மூலன் மனைவி கேட்ட கேள்விகள்தான்.

ஏஜென்ட் என்றால் யார்?

பி.காம். படிப்பவர்களுக்கு ஏஜென்ட் என்றால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் வரும். முதலாளிக்காக மூன்றாம் நபரிடம் செயல்படுகிறவர் ஏஜென்ட். கம்ப்யூட்டர் துறையிலும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். நமக்காகத் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, ஒரு வேலையைச் செய்யும் சாஃப்ட்வேருக்கு ஏஜென்ட் என்று பெயர். அதற்கு ஒரு பெயர், ஒரு குரல், ஒரு குணம், நம்மைப் பற்றிய ஞாபகம் எல்லாம் கொடுக்கலாம்.

இந்த ஏஜென்ட் காலையில் ஒரு ரோபோவின் உடம்பில் இருக்கிறது. நீங்கள் வெளியே கிளம்பியதும் அதிலிருந்து இறங்கி, உங்கள் செல்போன் திரையில் ஒரு பொம்மை முகமாக வந்து உட்கார்ந்து கொள்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ரோபோவுக்குள் போய்விடுகிறது. உடல் மாறுகிறது, ஆள் மாறவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்கு 'குடிபெயர்தல்' என்ற அர்த்தத்தில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் இன்னும் பொருத்தமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஜப்பானில் டெட்சுவோ ஓனோ, மிச்சிட்டா இமாய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு ரோபோ வழியில் இருக்கும் குப்பைத் தொட்டியை நகர்த்தச் சொல்லிக் கேட்கிறது. ஆனால் அதன் குரல் தெளிவாக இல்லை. சோதனைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே ஒரு சிறிய கம்ப்யூட்டர் திரையில் ஒரு பாத்திரத்தோடு பழகியிருந்தார்கள். அந்தப் பாத்திரம் அவர்கள் கண் முன்னாலேயே திரையிலிருந்து ரோபோவுக்குத் தாவியது. அப்படித் தாவியதைப் பார்த்தவர்களுக்கு ரோபோ சொன்னது புரிந்தது, தொட்டியை நகர்த்தினார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ரோபோ ஏதோ சத்தம் போடும் இயந்திரம்தான்.

அதாவது, பேச்சு புரிவதற்குக் காது மட்டும் போதாது. யார் பேசுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். மூலன் உடலைப் பார்த்த பசுக்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. மனைவிக்கு வந்தது.

அடுத்து 2003 வாக்கில் அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் 'ஏஜென்ட் கமீலியன்ஸ்' என்ற ஆராய்ச்சி நடந்தது. கமீலியன் என்றால் பச்சோந்தி. இடத்துக்குத் தகுந்த நிறம் எடுப்பதுபோல இடத்துக்குத் தகுந்த உடல் எடுக்கும் ஏஜென்ட். நடக்க வேண்டிய இடத்தில் ரோபோ, பேசினால் போதும் என்கிற இடத்தில் திரை. பிறகு 2008 முதல் 2012 வரை ஐரோப்பிய யூனியன் பணத்தில் 'லைரெக்' என்ற பெரிய திட்டம் நடந்தது. அதில் லிஸ்பன் நகர ஆராய்ச்சியாளர்கள் பிளியோ என்ற டைனோசர் பொம்மை ரோபோவையும் செல்போனையும் இணைத்தார்கள். செல்லப் பிராணி பொம்மையில் இருக்கும்போது போனில் இல்லை. போனுக்கு வந்துவிட்டால் பொம்மை அசையாமல் கிடக்கும். பசி போன்ற தேவைகளின் கணக்கும் கூடவே போகும்.

காப்பியா, இடமாற்றமா?

இங்கேதான் சிக்கலே ஆரம்பம். கம்ப்யூட்டரில் எதுவும் உண்மையில் 'நகர்வது' கிடையாது. ஒரு ஃபைலை ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு மாற்றினால் என்ன நடக்கிறது? முதலில் அங்கே ஒரு நகல் எழுதப்படுகிறது. பிறகு இங்கே இருப்பது அழிக்கப்படுகிறது. நகல் எடுத்துவிட்டுப் பழையதை அழிக்க மறந்து விட்டால்? ஒரே ஆள் இரண்டு இடத்தில்! இரண்டும் ஞாபகத்தில் ஒன்று, இரண்டும் 'நான்தான் அவன்' என்று சொல்லும்.

கணக்குப் புத்தகம் மாற்றுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பழைய லெட்ஜரை மூடி, இறுதி இருப்பைப் புது லெட்ஜரில் ஆரம்ப இருப்பாகக் கொண்டுபோகிறோம். பழையதை மூடாமல் இரண்டிலும் எழுதிக்கொண்டே போனால் ஆடிட்டர் வந்து தலையில் கை வைத்துக் கொள்வார்.

காவிரிக்கரையில் இந்தச் சிக்கல் ஒரு தடவை பெரிய அளவில் வந்தது. காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து டெல்டா தொடங்கும் இடத்தில் இருக்கிறது திருவரங்கம். 1323-ல் டெல்லிப் படை வந்தபோது கோயிலின் உற்சவர் சிலையை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் தெற்கே கிளம்பியது. பிள்ளை லோகாசாரியார் என்ற வயதான ஆசாரியர் அதற்குத் தலைமை. அவர் வழியிலேயே காலமானார். சிலை கேரளம், கர்நாடகம், திருப்பதி என்று ஊர் ஊராகச் சுற்றியது. 1371-ல், 48 ஆண்டுகள் கழித்து, விஜயநகர அதிகாரி கோபண்ணா காலத்தில்தான் திரும்பி வந்தது.

அதற்குள் இங்கே இன்னொரு உற்சவர் சிலை செய்து பூஜை நடந்து கொண்டிருந்தது! இப்போது கோயிலில் இரண்டு உடல்கள். எது உண்மையானவர்? பழையவரைப் பார்த்திருந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

கோயிலொழுகு என்ற திருவரங்கக் கோயில் வரலாற்று நூல் சொல்லும் தீர்வு அபூர்வமானது. ஊரில் மிகவும் வயதான ஒரு சலவைத் தொழிலாளி இருந்தார். கண் தெரியாது. முன்காலத்தில் பெருமாளின் ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை வாங்கிச் சாப்பிட்டவர். இரண்டு சிலைகளுக்கும் திருமஞ்சனம் செய்து, இரண்டின் ஈர ஆடைத் தீர்த்தத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஊரைச் சுற்றி வந்தவரின் தீர்த்தத்தைச் சுவைத்ததும் "இவரே நம்பெருமாள்" என்றாராம். திருவரங்கத்து உற்சவருக்கு நம்பெருமாள் என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான்.

இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள். ஒன்று, அடையாளம் சொன்னவர் பண்டிதரோ அதிகாரியோ கிடையாது. பல வருஷம் கிட்ட இருந்து பழகியவர். ஜப்பான் சோதனையில் வந்ததும் இதுதான். பழகியவருக்குத்தான் 'இது அதே ஆள்' என்று தெரிகிறது. இரண்டு, தோற்றுப்போன சிலையைத் தூக்கி எறியவில்லை. திருவரங்க மாளிகையார் என்று பெயரிட்டு அதையும் கருவறையிலேயே வைத்தார்கள். இத்தனை வருஷம் ஊரின் பிரார்த்தனையை வாங்கிய உடல் அல்லவா? நகலை எப்படி மரியாதையாக நடத்துவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பெரிய கோயிலில் ஒரு குடிபெயர்ச்சி

திருவரங்கத்தில் நடந்தது ஓர் ஆபத்து நேர இடமாற்றம். முன்கூட்டியே திட்டமிட்டு, முறைப்படி செய்யும் இடமாற்றமும் டெல்டாவில் உண்டு. அதற்குப் பெயர் பாலாலயம்.

கோயிலில் திருப்பணி நடக்க வேண்டும். கருவறையில் வேலை செய்ய வேண்டும், மருந்து சாத்த வேண்டும். தெய்வம் உள்ளே இருக்கும்போது உளியைக் கொண்டுபோக முடியாது. ஆகவே முதலில் 'கலாகர்ஷணம்' செய்வார்கள். சிலையில் இருக்கும் தெய்வ சக்தியை ஒரு கும்பத்து நீருக்கு வரவழைப்பது அது. அந்தக் கும்பமே ஓர் உடல். குடம் சதை, சுற்றிய நூல் நாடி நரம்பு, நீர் ரத்தம், மாவிலை தலைமுடி, தேங்காய் தலை என்று விளக்கம் சொல்வார்கள். பிறகு அந்தச் சக்தி அத்திப் பலகையில் வரைந்த படம் போன்ற ஒரு தற்காலிக உருவத்துக்குப் போகும். திருப்பணி முடியும்வரை பூஜை அங்கேதான். மூலவருக்குப் பூஜை இல்லை, தரிசனமும் இல்லை.

வேலை முடிந்து குடமுழுக்கு வரும்போது யாகசாலைக்கும் மூலவருக்கும் நடுவே தர்ப்பைக் கயிறோ நூலோ கட்டி இணைப்பு கொடுப்பார்கள். இதற்கு நாடி சந்தானம் என்று பெயர். (டேட்டா கேபிள் ஞாபகம் வந்தால் தப்பில்லை!) பிறகு கும்ப நீர் சிலைக்கும் கலசத்துக்கும் அபிஷேகமாகிறது. தெய்வம் வீடு திரும்பியாயிற்று.

1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில் கடைசியாக இந்தச் சுற்று முழுமையாக நடந்தது 2019–2020-ல். 2019 டிசம்பரில் பாலாலயம், 2020 பிப்ரவரி 5-ல் குடமுழுக்கு. அதற்கு முந்தையது 1997-ல். 23 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த அந்த இடமாற்றத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் கூடியது.

இதிலுள்ள ஒழுங்கைப் பாருங்கள். எப்போது கிளம்பினார், இப்போது எங்கே இருக்கிறார், எப்போது திரும்புவார் என்று ஊருக்கே தெரியும். பழைய உடல் 'மூடப்பட்டது' என்பதற்கு அடையாளம் உண்டு. பழைய லெட்ஜரை மூடிய பிறகே புதியது திறக்கிறது.

அதேசமயம் இந்த மரபு 'ஒரு நேரத்தில் ஓர் உடல்தான்' என்று பிடிவாதம் பிடிப்பதும் இல்லை. கருவறைக் கல் சிலை இடம் விட்டு நகராது. வீதிக்கு வந்து ஜனங்களைப் பார்க்க உலோக உற்சவர் உண்டு. பெரிய கோயில் கல்வெட்டுகள் அறுபதுக்கும் மேற்பட்ட உலோகத் திருமேனிகளைப் பட்டியல் போடுகின்றன. பாதம் முதல் முடிவரை எத்தனை உயரம், எத்தனை கை என்று சரக்கு இருப்புப் பதிவேடு மாதிரி துல்லியமாக! ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு அணைவதில்லை என்பார்கள் பெரியவர்கள். நகல் எடுப்பதற்கும் இடம் மாறுவதற்கும் தனித்தனிச் சடங்கு, தனித்தனி விதி. இரண்டையும் குழப்பிக் கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம்.

இதே உணர்வு ரோபோ உலகிலும் வந்தது. சோனி நிறுவனம் 1999-ல் அய்போ என்ற நாய் ரோபோவை விற்க ஆரம்பித்தது. 2014-ல் பழைய அய்போக்களுக்கான பழுதுபார்ப்பு சேவையை நிறுத்தியது. பழுதான நாய்க்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் இன்னொரு நாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஜப்பானில் இசுமி நகரத்துக் கோஃபுகுஜி கோயிலில் 2015 முதல் அந்த அய்போக்களுக்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். உயிரை வழியனுப்பிய பிறகே பாகங்களைக் கழற்றுவது! கருவறையில் உளி படும் முன்பு கலாகர்ஷணம் செய்வதன் அடுத்த வீட்டுக்காரர் போல இல்லையா?

உடலைத் திருடினால்?

இப்போது கடினமான கேள்வி. உடலையே ஒருவன் தூக்கிக்கொண்டு போய் விட்டால் உள்ளே இருந்தவர் என்ன ஆனார்? அவருக்காக யார் பேசுவது?

1976-ல் பத்தூரில் (அப்போது தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர் மாவட்டம்) இடிந்த கோயில் ஒன்றின் அருகே மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்குச் சோழர் கால நடராஜர் கிடைத்தார். சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போனது. 1982-ல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி அதை வாங்கியது. சுத்தம் செய்வதற்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வழக்கு ஆரம்பம்.

இந்திய அரசு, தமிழக அரசு ஆகியவற்றோடு இடிந்துபோன அந்தக் கோயிலும், அங்கே கிடைத்த சிவலிங்கமும்கூட உரிமை கோரின! கோயில் சார்பில் பேச ஒரு 'தக்கார்' நியமிக்கப்பட்டார். உலோகம், மண், கரையான் பற்றியெல்லாம் நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1988-ல் லண்டன் நீதிமன்றம் சிலை கோயிலுக்கே சொந்தம் என்றது. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கிலாந்துக் கண்ணுக்கு வெறும் கல் குவியலாகத் தெரிந்தாலும், இந்தியச் சட்டப்படி அது ஒரு சட்ட நபர் என்றால் இங்கேயும் வழக்காடலாம் என்று ஏற்றுக்கொண்டது. நடராஜர் 1991-ல் தமிழ்நாடு திரும்பினார்.

இந்தச் 'சட்ட நபர்' காமர்ஸ் மாணவர்களுக்குப் பழைய நண்பர். 1897-ஆம் ஆண்டு சாலமன் வழக்கைப் படிக்காமல் கம்பெனிச் சட்டம் பாஸாக முடியுமா? கம்பெனி வேறு, அதன் பங்குதாரர் வேறு. இயக்குநர் மாறலாம், ஆபீஸ் மாறலாம், கட்டிடம் இடியலாம். கம்பெனி அதேதான். 1925-ல் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா குடும்பத்தின் தெய்வச் சிலை வழக்கில் இதையே சொன்னது. சிலை வெறும் சொத்து கிடையாது, அது ஒரு சட்ட நபர். அதை எங்கே வைப்பது என்பதில் அதன் விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்லச் சம்பந்தமில்லாத ஒரு நடுநிலை நபரை நியமிக்க வேண்டும்.

கவனியுங்கள்: சட்டம் சிலைக்கு நபர் என்ற தகுதி கொடுத்தபோதெல்லாம், பக்கத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதரையும் நிறுத்தியது. தக்கார், அறங்காவலர், நண்பர் என்று ஏதோ ஒரு பெயரில். கம்பெனிக்கு இயக்குநர் மாதிரி.

2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. மிகவும் முன்னேறிய, தானே இயங்கும் ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' என்ற தகுதி கொடுக்கலாமா என்று ஆராயச் சொன்னது அது. 2018-லேயே பல நிபுணர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். தயாரித்த கம்பெனி தன் பொறுப்பை ரோபோ தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துவிடும் என்பது அவர்கள் பயம். அந்த யோசனை சட்டமாகவில்லை.

உடல் விட்டு உடல் தாவும் ஏஜென்ட் விஷயத்தில் இந்தப் பயம் இரண்டு மடங்கு. வயதான ஒரு பாட்டியைப் பார்த்துக் கொள்கிறது ஒரு ரோபோ. தப்பான மாத்திரையைக் கொடுத்து விடுகிறது என்று வையுங்கள். அடுத்த நிமிஷம் ஏஜென்ட் போனுக்குத் தாவிவிட்டது. கீழே நிற்பது காலி உடம்பு. யாரைப் பிடிப்பது? உடம்பைச் செய்தவரையா? ஏஜென்ட்டை எழுதியவரையா? தாவ அனுமதித்தவரையா?

டெல்டாவின் விடை

சாத்தனூர், திருவரங்கம், தஞ்சாவூர், பத்தூர். நான்கு ஊரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. தாவுகிறவரைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் கவலைப்படவில்லை. வெளியே நிற்பவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். தஞ்சையில் தாவும் நாளை ஊருக்கு முன்னால் சொன்னார்கள். திருவரங்கத்தில் இரண்டு உடல் வந்தபோது பழகியவரைக் கூப்பிட்டார்கள். பத்தூரில் பேச முடியாதவருக்காகப் பேச ஒருவரை நியமித்தார்கள். இந்த மூன்று ஏற்பாடும் நாளைய ரோபோவுக்கும் வேண்டியவைதான்: இப்போது எந்த உடலில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், பழகியவருக்கு 'இது அது இல்லை' என்று சொல்ல உரிமை வேண்டும், எந்த உடலில் இருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இந்த மூன்றும் இல்லாத ஊர் ஒன்று உண்டு. சாத்தனூர். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகப்பட்டவளுக்குக் கிடைத்தது 'இனி அவர் உன் கணவர் இல்லை' என்ற ஒரு வரி பதில். உலகத்துக்குத் திருமந்திரம் கிடைத்தது, பசுக்களுக்கு மேய்ப்பன் கிடைத்தான். உறவு இல்லை என்ற செய்திகூட அந்தப் பெண்ணுக்கு அவன் வாயாலேயே வந்தது. அவள் பெயரைக்கூடச் சேக்கிழார் சொல்லவில்லை.

நாளைக்கு நம் வீட்டு வாசலிலும் தெரிந்த முகத்தோடு, தெரிந்த குரலோடு ஒன்று வந்து நிற்கலாம். அன்று நாம் பசுக்களா, மூலன் மனைவியா? யோசித்துப் பாருங்கள்!